டேபிள் எதுக்கு இனிமே

"அதுல இந்த வேலையெல்லாம் வராதுங்க, நான் சொல்றத—"

"வரும், வரும், முதல்ல கையில எடுத்துப் பாரு. எடுக்காமலே—"

"எடுத்தாச்சு, பாத்தாச்சு. சினிமா பாக்க நல்லாருக்கும். பாப்பாவுக்குப் பாடம் படிக்க—"

"சினிமா பாக்கவா இவ்ளோ பெருசு வாங்கியாந்தேன்? பேனா தனியா வாங்கியிருக்கேன். கீபோர்டு வேற. உறை வேற."

"அதத்தாங்க கேக்கறேன். எதுக்கு?"

இளஞ்செழியன் உறையைப் பெட்டிக்குள் வைத்தான், திரும்ப எடுத்தான். ஞாயிற்றுக்கிழமை காலையில் கடையைக்கூடத் திறக்காமல் பெட்டியும் கையுமாக வந்து நிற்கிறவனிடம் இவ்வளவு சின்னக் கேள்வி வரும் என்று அவன் எதிர்பார்க்கவில்லை போலும்.

"பொண்டாட்டிக்கு வாங்கிக் குடுக்கறதுக்குக் காரணம் வேணுமா?" என்றான் கடைசியில்.

சோபாவின் கீழே முறத்தை வைத்து வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்த ராஜம்மாள் நிமிர்ந்து பார்த்தாள். "வேணும்டா. உனக்கு வேணும். மவுஸு உடைஞ்சு போச்சுன்னு அந்தப் பொண்ணு சொன்னப்ப ரப்பர் பேண்டு போட்டுக் குடுத்தவன் நீ."

"அம்மா, நீ கடலைய உரி."

"உரிச்சுகினுதான்டா இருக்கேன்."

மாமியார் சொன்னது பொய்யில்லை என்று கீர்த்தனாவுக்குத் தெரியும். தேரடித் தெருவில் எலக்ட்ரிகல் கடை வைத்திருக்கிறான், ஆனாலும் வீட்டில் ஒரு பல்பு போனால் மாற்ற ஒரு வாரம் ஆகும். அப்படிப்பட்டவன் இப்போது அவளுடைய லேப்டாப்புக்குப் பதிலாக இந்த டேப்லெட்டை வைத்துக்கொள் என்கிறான். லேப்டாப்புக்கு ஒரு குறையும் இல்லை. அது நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருக்கிறது.

அவள் வேலை வீட்டு ப்ளான் வரைவது. ஊரில் இருக்கிற இன்ஜினியர்களில் பாதிப்பேர் சைட்டில் நின்றபடி போனில் அளவைச் சொல்லுவார்கள். இவள் வரைந்து அனுப்புவாள். செங்கம் ரோட்டிலிருந்து பிரிகிற தெருவில் அவர்கள் வீடு. தெருவைப் பார்த்த முன்னறையில் ஒரு நீள டேபிள், அதன்மேல் லேப்டாப், பக்கத்தில் பெரிய ஸ்கிரீன். கதவைச் சாத்திவிட்டாளானால் அது அவள் ஆபீஸ். கேஸ் சிலிண்டர்காரன் வந்தாலும், நாத்தனார் வந்தாலும், "உள்ள வேலை செய்யுது" என்று ராஜம்மாளே சொல்லி அனுப்பிவிடுவாள்.

"சரி, குடுங்க" என்று கையை நீட்டினாள் கீர்த்தனா. "சுவத்துக்கு ஒரு லேயர், கதவு ஜன்னலுக்கு ஒரு லேயர், பைப் லைனுக்கு ஒண்ணுன்னு தனித்தனியா வெப்பேன். இதுல வருமா?"

"வரும். இங்க பாரு, ஓரத்துல தட்டினா எல்லா லேயரும் வரிசையா வருது."

வந்தது.

"விரலால இழுத்தா ஒன்பது இன்ச்சு சுவரு பத்து இன்ச்சாப் போவும்."

"விரலால எதுக்கு இழுக்கற? நம்பர அடி. கீபோர்டு எதுக்கு வாங்கியாந்தேன்?"

அடித்தாள். கோடு நூல் பிடித்த மாதிரி ஒன்பது இன்ச்சில் நின்றது.

"ஸ்கேல் மாறாம பிரிண்ட் எடுக்கணும்."

"பிடிஎஃப் ஆக்கி அனுப்பு. ஜெராக்ஸ் கடையில பெரிய பேப்பர்ல போட்டுத் தருவான்."

"ரெண்டு மூணு ஃபைல ஒரே நேரத்துல திறந்து வெச்சுப் பாக்கணும்."

"ரெண்டு வரும். மூணு... மூணு எதுக்கு? ரெண்டு கண்ணுதானே இருக்கு?"

சிரிப்பு வந்தது அவளுக்கு. ஆனால் உள்ளுக்குள் வேறு ஒன்று உறுத்தியது. செல்போனில் ரிங்டோன் மாற்றத் தெரியாமல் மகளிடம் நீட்டுகிற ஆள், லேயர் என்கிறான், ஸ்கேல் என்கிறான். அவள் என்ன கேட்பாள் என்று முன்னமே தெரிந்துகொண்டு, ஒவ்வொன்றுக்கும் பதிலை மடியில் கட்டிக்கொண்டு வந்த மாதிரி இருந்தது.

"இதெல்லாம் உங்களுக்கு யாரு சொல்லிக் குடுத்தது?"

"யூட்யூப்ல பாத்தேன்."

"எனக்காகவா உக்காந்து பாத்தீங்க?"

"ஆமா."

"எப்ப?"

"கடையில, ஆள் இல்லாதப்ப." குரலைச் சற்று இறக்கினான். "கீர்த்தி, நீ நாள் பூரா அந்த ரூமுக்குள்ளயே அடைஞ்சு கிடக்கற. முதுகு வலின்னு சொல்ற. இது இருந்தா சோபால உக்காந்து போடலாம், மாடியில காத்தாடப் போடலாம், உங்கம்மா வீட்டுக்குக் கீழ்பென்னாத்தூர் போனா பஸ்சுலயே போடலாம். எங்க வேணா உக்காந்து போடலாம்."

"பஸ்சுல உக்காந்து ப்ளான் போட்டா அந்த வீடு எப்படி நிக்கும்?" என்றாள் ராஜம்மாள்.

"அம்மா!"

"லேப்டாப் பாட்டுக்கு அது இருக்கட்டுமே" என்றாள் கீர்த்தனா. "இதுவும் இருக்கட்டும்."

"ரெண்டும் எதுக்கு? லேப்டாப்பையும் ஸ்கிரீனையும் குடுத்துட்டா இதுக்குப் பாதி வந்துடும். டேபிள பக்கத்துக் கடை முபின் கேட்டிருக்கான், அவன் கடையில போட்டுக்க. சாயங்காலம் ஆட்டோ கொண்டாறேன்னான்."

"டேபிளா?"

"டேபிள் எதுக்கு இனிமே?"

கடலை உரிக்கும் சத்தம் நின்றது. "டேபிள் மேல ஏண்டா உனக்குக் கண்ணு? அது பாட்டுக்கு மூலையில கிடக்குது. சோறா கேக்குது?"

கீர்த்தனா புருஷன் முகத்தையே பார்த்தாள். அவன் அவளைப் பார்க்கவில்லை. திறந்திருந்த முன்னறைக் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தான். கடையில் ஏதாவது நொடிப்போ, ஸ்கிரீனை விற்றுத்தான் சரக்குப் போடப் போகிறானோ என்று ஒரு நிமிஷம் நினைத்தாள். நொடிப்பு வந்தவன் புதிதாக டேப்லெட் வாங்குவானா? அதுவும் பொருந்தவில்லை.

அந்த நேரத்தில்தான் சக்கரபாணி போன் செய்தார். அவளுக்கு ஜாஸ்தி வேலை கொடுக்கிற இன்ஜினியர் அவர்தான். ஞாயிறு, திங்கள் என்கிற கணக்கெல்லாம் அவருக்குக் கிடையாது.

"பாத்தியா, சரியான நேரம்" என்று இளஞ்செழியன் துள்ளிக்கொண்டு எழுந்தான். "ஸ்பீக்கர்ல போடு. அவர் சொல்லச் சொல்ல இதுலயே போடு. ரூமுக்குப் போவாத, இங்கயே சோபால உக்காந்து போடு. முடியலன்னா நான் இத நாளைக்கே கடையில திருப்பிக் குடுத்துடறேன். போதுமா?"

"போதும்" என்று ஸ்பீக்கரில் போட்டாள்.

"மேடம், சின்ன வேலைதான், ஒரே ரூம்" என்றார் சக்கரபாணி. பின்னால் கலவை மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. "இருக்கற ரூம மாத்தறாங்க. அட்டாச்டு பாத்ரூம் வெச்சு, தெருப்பக்கம் தனி வாசல். ஆசிரமத்துக்கு வர்ற வெளிநாட்டுக்காரங்களுக்கு மாச வாடகைக்கு விடறாங்களே, அந்த மாதிரி. அளவு சொல்றேன், போட்டுக்குங்க."

"சொல்லுங்க சார்."

"உள்பக்கச் சுவர் பன்னெண்டு அடி."

பேனாவை வைத்தாள், நம்பரை அடித்தாள். கோடு ஓடியது.

"பாரு, பாரு, எப்படி ஓடுது" என்று அவள் தோளுக்கு மேலே குனிந்து கிசுகிசுத்தான் இளஞ்செழியன். "லேப்டாப்ல கூட இப்படி வராது."

"ரெண்டு பக்கச் சுவரும் ஒரே அளவு இல்ல மேடம். தெரு வளைஞ்சு போவுது, அதனால இடது பக்கம் பதினொண்ணு, வலது பக்கம் பத்தரைதான். தெருப்பக்கச் சுவரு சாய்ஞ்சு வரும்."

சாய்த்துப் போட்டாள். தோளுக்கு மேலே இருந்த மூச்சு சற்று விலகியது.

"வலது மூலையில ஒரு தூண் உள்ள துருத்திக்கினு இருக்குது. பழைய மேஸ்திரி எவனோ சொதப்பி வெச்சிருக்கான்."

தூணைப் போட்டாள்.

"சார்" என்று குறுக்கே பேசினான் இளஞ்செழியன். "நான் அவங்க வீட்டுக்காரர் பேசறேன். ஞாயித்துக்கிழமை, நாளைக்குப் பாத்துக்கலாமே?"

"நீங்கதானே போடச் சொன்னீங்க?" கீர்த்தனா தலையைத் திருப்பவில்லை. "நீங்க சொல்லுங்க சார்."

"தெருப்பக்கம் ஒரு ஜன்னல். ஜன்னலுக்கு இந்தப் பக்கம் சுவத்துல அலமாரி. ரெண்டே தட்டு, கதவு கிடையாது. பக்கத்துச் சுவரை ஒட்டி இப்ப ஒரு நீள டேபிள் கிடக்குதாம். அத எடுத்துடுவாங்களாம். அந்த இடத்துலதான் பாத்ரூம் வருது. வெஸ்டர்ன் டாய்லெட், ஷவர், கெய்சர்."

பேனா நின்றது.

ஊரில் எத்தனையோ பேர் வீட்டை வரைந்திருக்கிறாள். தன் வீட்டை அவள் ஒரு நாளும் வரைந்ததில்லை. அதனால்தான் தூணைப் போடும்போதுகூட அடையாளம் தெரியவில்லை. இப்போது திரையில் இருந்ததைப் பார்த்தாள், நிமிர்ந்து திறந்திருந்த கதவு வழியாக முன்னறையைப் பார்த்தாள். மூலையில் தூண் இருந்தது. கதவில்லாத இரண்டு தட்டு அலமாரியில் அவளுடைய ஃபைல்கள் இருந்தன. சுவரை ஒட்டி டேபிள். டேபிளுக்கு முன்னால் அவள் நாற்காலி.

எழுந்து, டேப்லெட்டையும் போனையும் ஏந்தியபடியே அந்த அறைக்குள் போனாள். ஒரு சுவரைப் பார்த்தாள், திரையைப் பார்த்தாள். அடுத்த சுவரைப் பார்த்தாள், திரையைப் பார்த்தாள். இளஞ்செழியன் வாசற்படி வரைக்கும் வந்து நின்றுவிட்டான்.

"எல்லா வீட்டு ரூமும் ஏறக்குறைய இப்படித்தான் கீர்த்தி இருக்கும்..."

"சார்" என்றாள் அவள். "பார்ட்டி யாரு?"

"தெரியல மேடம். திருமலை மேஸ்திரி கொண்டாந்த வேலை. அவரே போய் அளந்துட்டு வந்தாரு. ஆக்சுவலா அவரு ப்ளான் இல்லாமலே கட்டிடலாம்னு பாத்திருக்காரு. டிரெய்னேஜ் லைன் எங்க சேரும்னு தெரியாம எங்கிட்ட வந்தாரு. வீட்டுக்காரம்மாவுக்கு சொல்லாம செய்யறாங்களாம், சர்ப்ரைஸாம்." சக்கரபாணி சிரித்தார். "நல்ல சர்ப்ரைஸ் இல்ல?"

"ரொம்ப நல்ல சர்ப்ரைஸ் சார்."

"ஈவினிங்குக்குள்ள அனுப்பிடுவீங்களா?"

"பார்ட்டிகிட்ட ஒரு சந்தேகம் கேக்கணும். கேட்டுட்டு நானே கூப்பிடறேன்."

போனை வைத்தாள். முறத்தை நகர்த்திவிட்டு, முழங்காலைப் பிடித்துக்கொண்டு ராஜம்மாளும் எழுந்து வந்தாள்.

"திருமலையா? போன வாரம் வந்தானே. நீ உங்கம்மா வீட்டுக்குப் போயிருந்த. சுவத்துல ஓதம் ஏறுது, பாக்க வந்திருக்கான்னு சொன்னான் இவன். நான் டீ வேற போட்டுக் குடுத்தேன்." மகனை ஏற இறங்கப் பார்த்தாள். "பெத்தவகிட்டயேவாடா?"

"எல்லாரும் கொஞ்சம் பொறுங்க" என்றான் இளஞ்செழியன். குரல் உயர்ந்தது. "நான் இன்னா திருடினேனா? இந்தத் தெருவுல ரூம் விடாத வீடு எது? எதிர் வீட்டுல ரெண்டு ரூம் விட்டிருக்கான். பக்கத்துல மாடியையே விட்டிருக்கான். பௌர்ணமி வந்தா கிரிவலம் வர்ற ஜனம் ரூம் கிடைக்காம ரோட்டுல நிக்குது. நாம ஒரு லேப்டாப்ப உக்கார வெக்கிறதுக்கு ஒரு ரூமையே பூட்டி வெச்சிருக்கோம்."

"லேப்டாப்பா உக்காந்திருக்குது அதுல?"

"நீயும்தான். அதுக்குத்தானே இத வாங்கியாந்தேன்? உன் வேலைய நிறுத்துன்னா சொன்னேன்? வேலையக் கையோட எடுத்துட்டுப் போன்னு சொல்றேன்."

"நேரா எங்கிட்டக் கேக்கறதுக்கு இன்னா?"

"கேட்டா ஒத்துக்குவியா?"

"மாட்டேன்."

"அதான் கேக்கல."

ராஜம்மாள் டேபிளின் விளிம்பில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். "டேய், நான் டிவி போட்டா இந்தப் பொண்ணு கதவ சாத்திக்குது. உன் தங்கச்சி வந்தா கதவ சாத்திக்குது. ஹால்ல உக்காந்துச்சுன்னா நானே அத நாலு தடவ எழுப்புவேன்டா. தண்ணி குடு, போன் அடிக்குது எடு, குக்கர் அணைன்னு. எதிர்ல இருந்தா எனக்கே வாய் சும்மா இருக்காது."

"அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம்மா."

"யாரு?"

அவன் மனைவி பக்கம் திரும்பி, குரலைத் தணித்து, "இப்பப் போட்டியே கீர்த்தி, ஒரு குறை உண்டா அதுல? நெஞ்சத் தொட்டுச் சொல்லு" என்றான்.

கீர்த்தனா திரையைப் பெரிதாக்கி ஒரு மூலையைப் பார்த்தாள், சிறிதாக்கி முழுவதையும் பார்த்தாள். சாய்ந்த சுவர் சரியாகச் சாய்ந்திருந்தது. தூண் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது.

"ஒரு குறையும் இல்ல" என்றாள். "இதுல வராதுன்னு சொன்னேன், தப்பு. நல்லாத்தான் வருது. லேப்டாப் செய்யற வேலை எல்லாத்தையும் இது செய்யும் போல இருக்குது."

இளஞ்செழியன் முகத்தில் வெளிச்சம் வந்தது. "அதத்தான் காலையில இருந்து—"

"இருங்க, முடிக்கல." ரூம் ப்ளானைத் தள்ளிவிட்டு, பக்கத்தில் ஹாலைப் போட்டாள். சோபா, டிவி. அதை ஒட்டி சமையலறை, அடுப்பு. அவர்கள் படுக்கும் அறை, கட்டில், மகள் படிக்கிற மூலை. மாமியார் படுக்கிற இடம். மாடிப்படி. மளமளவென்று கோடுகள் ஓடின. நிமிஷத்தில் வீடு முழுவதும் திரையில் இருந்தது. பிறகு டேப்லெட்டை அவன் கையில் வைத்து, பேனாவை அவன் விரல்களுக்கு நடுவே செருகினாள்.

"எங்க வேணா உக்காரலாம்னீங்க இல்ல? ஒரு இடம் குறிச்சுக் காட்டுங்க."