தாடிய

நாகேந்திரத்தாரின் அடையாள அட்டைப் படத்தில் இருப்பது இலேசுப்பட்ட தாடியல்ல. கன்னம் இரண்டையும் மூடி, சட்டைக் கழுத்தைத் தொடுகிற கருகருவென்ற தாடி. யாழ்ப்பாணத்தில் தபாலதிபராக இருந்த காலத்தில் சனம் அவரைத் 'தாடி மாஸ்ரர்' என்றுதான் சொல்லும்; அதில் அவருக்கு உள்ளூரப் பெருமை. 2007ஆம் ஆண்டில், கொழும்பு வெள்ளவத்தையில் வாடகைக்கு இருந்தபோது, ஒருநாள் காலை அதை முழுக்க மழித்துவிட்டு வந்து நின்றார். இராணுவச் சோதனைச் சாவடிகளில் தாடிக்காரரைத்தான் முதலில் இறக்குகிறார்கள் என்று காரணமும் சொன்னார். மனைவி கனகேஸ்வரி நம்பிவிட்டாள். அந்த நாட்களில் எதையும் யுத்தத்தின் தலையில் கட்டிவிடலாம்.

உண்மை வேறு. அவருக்குப் புறஸ்ரேற் சுரப்பியில் புற்றுநோய். அது மனைவிக்குத் தெரியும். பொரளைப் பக்கம் ஒரு கிளினிக்கில் இருபத்தெட்டு நாளுக்கு ஒருதரம் ஊசி போடுகிறார்கள் என்பதும் தெரியும். அந்த ஊசி ஆண் ஓமோனை அடக்கிவைத்து, அதைத் தின்று வளர்கிற நோயைப் பட்டினி போடுகிறது என்பதை மட்டும் அவர் சொல்லவில்லை. நோயோடு சேர்ந்து தாடியும் மெலிந்து திட்டுத் திட்டாகப் போயிற்று. நினையாத நேரத்தில் உடம்பில் அனல் ஏறி வேர்த்துக் கொட்டியது. வேறு சிலதும் அடங்கிப்போயின. முப்பத்தாறு வருடம் ஒரே கட்டிலில் படுத்த மனிதர் ஆறு மாதமாகச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார். வெட்கம் என்பது சில ஆண்களுக்கு நோயைவிடப் பெரிய வருத்தம்.

கிளினிக்கில் ஒவ்வொரு முறையும் தாதி ஏதும் கரைச்சல் இருக்கிறதா என்று கேட்பாள். இல்லை என்பார். கடிதம் ஒருநாள் பிந்தினாலே கொதிக்கிற தபாலதிபர், போன முறை வேண்டுமென்றே ஒன்பது நாள் பிந்திப் போனார். இன்றைக்கு மறுபடி இருபத்தெட்டாம் நாள். இனி ஊசியே வேண்டாம் என்று சொல்லிவிட்டு வருவதென்று முடிவு கட்டியிருந்தார். இருக்கிற கொஞ்சக் காலத்தை ஆம்பிளையாக இருந்துவிட்டுப் போகலாமே என்பது அவருடைய எண்ணம்.

தனியே போகிற தமிழனைவிட மனைவியோடு போகிறவனுக்குச் சாவடியில் தொல்லை கொஞ்சம் குறைவு. அதனால் கனகேஸ்வரியும் வழமைபோல ஓட்டோவில் கூட வந்தாள். பாதி வழியில் மறித்தார்கள். இறங்கி அடையாள அட்டையை நீட்டினார். இளம் இராணுவத்தான் படத்தைப் பார்த்தான், முகத்தைப் பார்த்தான், திரும்பப் படத்தைப் பார்த்தான். அந்த நேரம் பார்த்து நெஞ்சிலிருந்து அனல் கிளம்பி, நெற்றியால் வேர்வை வழியத் தொடங்கியது.

"எய் தாடிய?" என்றான் அவன்.

நாகேந்திரத்தாருக்குத் தெரிந்த சிங்களம் பத்துச் சொல். 'எய்' என்றால் ஏன் என்பது அதில் ஒன்று. மற்றச் சொல்லைத்தான் அவன் தமிழிலேயே கேட்டுவிட்டானே. ஆறு மாதமாகக் கட்டிக் காத்த குட்டு உடைந்துவிட்டது என்று நினைத்தார்.

"முந்தி இருந்தது தம்பி," என்றார். "ஒளிக்கிறதுக்காக நான் வழிக்கேல்லை. ஒரு ஊசி போடினம், அதாலை தாடி கொட்டுண்டு போச்சு. ஆம்பிளைக்குரிய ஒண்டும் இப்ப என்னட்டை இல்லை."

அவனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. மற்றவனைக் கூப்பிடத் திரும்பினான். கனகேஸ்வரிக்கு அவன் கேட்டது, இவர் சொன்னது இரண்டும் விளங்கிற்று. புருசனை ஒரு கணம் பார்த்தாள். பிறகு கிளினிக் அட்டையை எடுத்து நீட்டி, சந்தையில் மீன் வாங்கிப் பழகிய சிங்களத்தில், இது பயத்தில் வருகிற வேர்வை இல்லை மஹத்தயா, ஊசியால் வருவது, ஐம்பது வயதில் எனக்கும் இப்படித்தான் வேர்த்தது என்றாள். அவன் வாய்க்குள் சிரித்துக்கொண்டு போகச் சொன்னான்.

ஓட்டோ மறுபடி புறப்பட்டது.

"அவன் வேர்வையைத்தான் கேட்டவன்," என்றாள் கனகேஸ்வரி. "சிங்களத்திலை தாடிய எண்டால் வேர்வை."

அவருக்கு வெட்கத்தில் அப்படியே ஓட்டோவிலிருந்து குதித்துவிடலாம் போலிருந்தது. இனி இந்த ஊசி வேண்டாம், இன்றைக்கு அதைச் சொல்லத்தான் போகிறேன் என்றார் வெளியே பார்த்தபடி.

"உங்கட தாடியைப் பாத்தே நான் கழுத்தை நீட்டினனான்?" அவள் அவர் பக்கம் திரும்பினாள். "என்னிலை வெறுப்பாக்கும் எண்டு ஆறு மாசமா அழுது கொண்டெல்லே படுக்கிறன். எனக்கு நீங்கள் இருக்கவேணும். அவ்வளவுதான்."

தன் நெற்றி வேர்வையை அவள் முந்தானையால் துடைக்க, அவர் விட்டுக்கொண்டு இருந்தார்.

கிளினிக்கில் வழமையாக வெளியே வாங்கில் உட்கார்ந்திருக்கிறவள் அன்றைக்கு உள்ளே வந்தாள். தாதி ஐறீன் கொட்டாஞ்சேனைப் பிள்ளை, இரண்டு பாசையும் அத்துப்படி. அட்டையில் அந்த ஒன்பது நாளில் விரலை வைத்தாள். தவணை பிந்தினால் அடங்கிய ஓமோன் தலைதூக்கும், நோய்க்குத் தீனி கிடைக்கும் என்றாள். வேர்வைக்கு மருந்து இருக்கிறது, எலும்பு தேய்கிறதா என்று பார்த்து அதற்கும் தருவார்கள், ஆனால் நோயாளி வாய் திறந்தால்தான் டொக்டர் எதுவும் செய்யலாம் என்றாள். பிறகு, ஏதும் கரைச்சல் இருக்கிறதா என்ற வழமையான கேள்வியைக் கேட்டாள்.

நாகேந்திரத்தார் மனைவியைப் பார்த்தார்.

"ஓம் பிள்ளை," என்றார். "தாடிய இருக்கு. தாடிதான் இல்லை."

ஐறீன் சிரித்துவிட்டாள். அவர் மிச்சத்தையும் ஒவ்வொன்றாகச் சொல்லிவிட்டு, ஊசிக்குச் சட்டையை உயர்த்தினார்.