இருட்டுப் பெட்டியில் கூட்டுப் பஞ்சு

அப்பா தினமும் கேட்கும் கேள்வி ஒன்றுதான். உன் மாப்பிள்ளைங்க இன்னைக்கு நடந்தாங்களா? மாப்பிள்ளைகள் என்றால் மகளின் ஆய்வகத்து எலிகள். மொத்தம் இருபத்து நான்கு. அப்பாவுக்கு வந்திருக்கும் பார்க்கின்சன் நோயை ஊசி போட்டு அவற்றுக்கும் வரவழைத்திருந்தாள். முப்பது வருடம் தபால் பையோடு தெருத்தெருவாக நடந்த மனிதர், இப்போது கழிவறை வாசலில் தரையோடு கால் ஒட்டிக்கொண்டு கால்மணி நேரம் நிற்கிறார். கிண்டலுக்கு மட்டும் குறைச்சல் இல்லை.

எலியின் முன்காலில் சிவப்பு மை, பின்காலில் நீலம். வெள்ளைத்தாள் விரித்த குறுகிய பாதையில் விட்டால், மறுமுனையில் உள்ள இருட்டுப் பெட்டியைத் தேடி நடக்கும். தாளில் விழும் தடங்களின் இடைவெளியை அளக்க வேண்டும். பன்னிரண்டு எலிகளுக்குப் புது மருந்து, மீதிக்கு வெறும் உப்புநீர். எதற்கு எது என்று அவள் தெரிந்துகொள்ளவில்லை. அப்பா மேல் உள்ள ஆசையில் தன் கை அளவைக் கூட்டிவிடும் என்று பயந்து, ஊசியையும் பெட்டியையும், எலிகளைப் பராமரிக்கும் கூண்டுக்காரரிடம் விட்டிருந்தாள். தங்கமான மனிதர்.

ஆறாவது வாரம், எதற்கு எது என்ற பட்டியலைப் பிரித்துப் பார்த்தாள். மருந்து போட்ட பன்னிரண்டும் எட்டி நடை போட்டிருந்தன. அன்றே அப்பா தன் பழைய செருப்பைத் துடைத்து வைக்கச் சொன்னார். துடைத்தும் வைத்தாள், பைத்தியக்காரி.

மறுவாரம் கூண்டுக்காரர் விடுப்பு. பெட்டியில் புதுப் பஞ்சு போட்டு அவளே எலிகளை விட்டாள். மருந்து போட்டதும் போடாததும் ஒரே மாதிரி பாதி வழியில் நின்று விழித்தன. மூன்று நாள் விட்டுப் பார்த்தாள். அதேதான்.

திரும்பி வந்தவர் எதையும் ஒளிக்கவில்லை. மருந்து போட்டவற்றுக்கு மட்டும், அவை படுத்துப் புரளும் சொந்தக் கூட்டுப் பஞ்சைப் பெட்டிக்குள் வைத்தாராம். சொந்த வாசனை அடித்தால் எப்படியாவது போய்ச் சேர்ந்துவிடுமாம்.

"அப்பாவுக்கான மருந்தாச்சேம்மா. தோத்துடக் கூடாதுன்னுதான்."

அவரைத் திட்ட வாய் வரவில்லை. உட்கார்ந்து அழுதாள்.

வீட்டுக்குப் போனபோது அப்பா கழிவறை வாசலில் நின்றுகொண்டிருந்தார். வழக்கமான கேள்வி வந்தது. ஒரு பொய் சொல்லிவிடலாம் என்றுதான் வழியெல்லாம் நினைத்து வந்தாள். வாயைத் திறந்ததும் எல்லாம் கொட்டிவிட்டது. மருந்தில் ஒன்றும் இல்லை, தங்கள் கூட்டுக்குப் போகிற ஆசையில்தான் அவை நடந்தன என்றாள்.



"நான் வீட்டுக்குள்ளதானம்மா நிக்கிறேன்" என்றார் அப்பா.

அவள் தன் பாதத்தை அவர் பாதத்துக்கு முன்னால் குறுக்கே வைத்தாள். இதைத் தாண்டுங்கப்பா என்றால் எப்போதும் கால் எழும்பிவிடும். இன்று அவர் குனிந்துகூடப் பார்க்கவில்லை.