அண்ணன் சட்டைப்பையில் ஒரு ஜெட்

பாப்பாவுக்கு வயது நாற்பத்தாறு. காதோரம் நரைத்தாயிற்று, மூத்த மகளுக்குக் கல்யாணமும் ஆயிற்று. ஆனாலும் பட்டறைத் தெரு முழுக்க அவள் பாப்பாதான், அவள் ஓட்டுவது பாப்பா லாரிதான். அந்தப் பேரை வைத்தவர் அண்ணன். அண்ணன் ஒன்றைச் சொல்லிவிட்டால் அந்தத் தெருவில் மாற்றிச் சொல்ல ஆள் கிடையாது.

அன்று காலை பாப்பா லாரி கிளம்ப மறுத்தது. சாவியைத் திருப்பினால் இஞ்சின் இருமியது, கரும்புகையைக் கக்கியது, செத்தது. இன்னொரு முறை திருப்பினாள். பட்டறை முழுக்கப் பெட்ரோல் நாற்றம். அதற்குமேல் அவள் சாவியைத் தொடவில்லை. கார்புரேட்டரில் ஜெட் இல்லை என்று புரிந்துவிட்டது.

ஜெட் என்றதும் ஆகாயத்தை அண்ணாந்து பார்க்க வேண்டாம். வேர்க்கடலையைவிடச் சின்னதாக, நடுவில் ஊசித்துளையோடு ஒரு பித்தளைத் துண்டு. இஞ்சினுக்குப் பெட்ரோலை அளந்து விடுவது அதுதான். அது இல்லாவிட்டால் பெட்ரோல் கண்டபடி கொட்டி, வண்டி மூச்சுமுட்டி நின்றுவிடும்.

அண்ணன் பட்டறை மூலையில் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, ஜெட் எங்க?"

"அழுக்கா இருந்துச்சு பாப்பா. க்ளீன் பண்ண எடுத்தேன்."

"வீடு மாத்துற லோடு இருக்கிற அன்னிக்குப் பார்த்துத்தான் அழுக்கு தெரியுமா?"

"மலைக்கு அந்தப் பக்கம் போறியாமே. ஊரே சொல்லுது. எனக்கு மட்டும் நீ சொல்லல." சட்டைப்பையிலிருந்து ஜெட்டை எடுத்து உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். "அந்தப் பக்கம் லோடு எடுக்க மாட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லு. இப்பவே மாட்டித் தரேன்."

இது புதுக்கதை இல்லை. அப்பா சாகும்போது பட்டறையை மகனுக்கும் லாரியை மகளுக்கும் எழுதிவைத்துவிட்டுப் போனார். எழுதிய கை எழுதிவிட்டது, அண்ணனின் மனசு அதை ஒத்துக்கொள்ளவே இல்லை. பாப்பா தையல்காரரைத்தான் கட்டிக்கொள்வேன் என்று நின்றபோது ஜெட் முதல்முறையாக அழுக்கானது. அண்ணி வீட்டு விசேஷத்துக்குப் போகாமல் லோடுக்குப் போனபோது மறுபடி அழுக்கானது. அவளும் சும்மா இல்லை, உபரியாக ஒரு ஜெட் வாங்கி வைத்தாள். அடுத்த சண்டையில் ஜெட் இருந்தது, உள்ளே பெட்ரோல் மட்டத்தைப் பார்த்துக்கொள்ளும் மிதவையைக் காணோம். கார்புரேட்டரில் பாகத்துக்கா பஞ்சம்? கோபத்துக்கு ஒன்று என்று எடுத்தாலும் அண்ணனுக்கு ஆயுசுக்கும் காணும். அந்த உபரி ஜெட்டும் எப்போதோ அவர் சட்டைப்பைக்குப் போய்விட்டது.

இதில் வேடிக்கை என்னவென்றால், தங்கையிடம் அவர் ஒரு நாளும் கூலி வாங்கியதில்லை. "கூடப்பிறந்தவன் மாதிரி வருமா" என்று தெருவே உச்சுக்கொட்டும். அந்த உச்சுக்கொட்டலில்தான் பாப்பாவின் வாய் இத்தனை வருஷமும் அடைத்துப்போயிருந்தது. ஒவ்வொரு முறையும் அவர் கேட்ட வார்த்தையைச் சொல்லிவிட்டு ஜெட்டை வாங்கிக்கொள்வாள்.

போன் அடித்தது. சுமை தூக்கும் ஆள், பேர் அலமாரி. அலமாரியைத் தனியாளாக முதுகில் ஏற்றிப் படியிறங்குகிறவனுக்கு வேறென்ன பேர் வைப்பார்கள்?

"அக்கா, சாமானெல்லாம் ரோட்டுக்கு வந்தாச்சு. வீட்டுச் சாவியும் குடுத்தாச்சு. அந்தம்மா புள்ளைங்களோட சோபாவுல உட்கார்ந்திருக்காங்க, ரோட்டுல. எப்ப வர்றீங்க?"

பாப்பா அண்ணனின் உள்ளங்கையைப் பார்த்தாள். பித்தளை நன்றாகத்தான் மின்னியது, ஒரு பொட்டு அழுக்கில்லை.

"வச்சுக்கோ" என்று சொல்லிவிட்டு வெளியே நடந்தாள்.

வேறொரு லாரிக்காரரைக் கெஞ்சிக் கூட்டிக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது வெயில் ஏறிவிட்டது. நடுத்தெருவில் சோபா, கட்டில், அடுப்பு, வாளிக்குள் செருகிய துடைப்பம். போகிறவர் வருகிறவரெல்லாம் அடுத்தவர் வீட்டுப் பாத்திரத்தை எண்ணிக்கொண்டு போனார்கள். அந்த அம்மா திட்டித் தீர்த்திருந்தால்கூடப் பாப்பாவுக்கு மனசு ஆறியிருக்கும்.

"உங்க வண்டிதானேம்மா?" என்று மட்டும் கேட்டார். "உங்க வண்டிய எடுக்க நீங்க யாரைக் கேக்கணும்?"

பாப்பா வாளியைத் தூக்கிக்கொண்டு லாரிப் பக்கம் போனாள். அந்த அம்மா வேலை பார்க்கும் கம்பெனி மலைக்கு அந்தப் பக்கம் இடம் மாறுகிறது. வரிசையாகப் பல குடும்பங்கள் வீடு மாற இருந்தன, முதல் வீடே இப்படி. கம்பெனி மேனேஜர் போனில் பதமாகத்தான் பேசினார். அடுத்த வீடு வரும் திங்கட்கிழமை, அன்றும் வண்டி வராவிட்டால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்கிறோம் என்றார்.

மறுநாள் அவள் எலக்ட்ரீஷியனைப் பார்க்கப் போனாள். ஆள் ஒல்லி, பேர் ஒயர். பழைய வண்டிகளில் கார்புரேட்டரைக் கழற்றிவிட்டு ஃபியூயல் இன்ஜெக்ஷன் மாட்டித் தருவது அவன் வேலை. மாட்டித்தான் ஆக வேண்டும் என்றெல்லாம் அவன் ஆசை காட்டவில்லை.

"கார்புரேட்டர் இருக்கிற அதே இடத்துல இது உட்கார்ந்துக்கும்க்கா. டேங்குக்கு வேற பம்பு, புகைக்குழாயில ஒரு சென்சார், டேஷ்போர்டுக்கு அடியில ஒரு பெட்டி. குளிரோ மேடோ, எவ்வளவு பெட்ரோல் வேணும்னு அந்தப் பெட்டியே பார்த்துக்கும். ஆனா ஒண்ணு, பின்னாடி என்னைத் திட்டக்கூடாது. கார்புரேட்டர் மக்கர் பண்ணா ஒரு ஸ்க்ரூடிரைவரும் ஊத ஒரு வாயும் போதும். பெட்டி செத்துச்சுன்னா கயிறு கட்டி இழுத்துட்டுத்தான் வரணும்."

அது அவளை உறுத்தியது. மலைப்பாதையில் ஏற்றிய சாமானோடு செத்துப்போன பெட்டியை வைத்துக்கொண்டு என்ன செய்வது? இன்னொன்றையும் மறைப்பதற்கில்லை. அண்ணன் கைபட்ட கார்புரேட்டர் சொன்ன பேச்சுக் கேட்கும். ஏற்றத்தில் கால் வைத்த மாத்திரத்தில் வண்டி இழுக்கிற இழுப்பு இருக்கிறதே, அது அவளுக்கு உயிர். அதைக் கழற்றினால் அண்ணனையும் சேர்த்துக் கழற்றியதாகத்தான் ஆகும். கூடப்பிறந்தது ஒன்றே ஒன்று. இரண்டு நாள் அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

தையல்காரர் வாயில் குண்டூசிகளைக் கவ்விக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டார். அவர் அதிகம் பேசாததற்குக் குணம் பாதி, குண்டூசி பாதி. கடைசியில் ஊசிகளை எடுத்து வைத்துவிட்டுக் கேட்டார்.

"மாட்டறே, சரி. அதுலயும் ஃப்யூஸுன்னு ஒண்ணு இருக்குமே. உங்கண்ணன் அதைக் கழட்டி வச்சுக்கிட்டா?"

பாப்பா யோசித்தாள். பிறகு இரண்டு நாளில் முதல்முறையாகச் சிரித்தாள்.

"கழட்டட்டுங்க. ஃப்யூஸை க்ளீன் பண்ண எடுத்தேன்னு சொல்ல முடியுமா? ஜெட்டை எடுத்தா பாசம், ஃப்யூஸை எடுத்தா திருட்டு. நானும் திருட்டுன்னு சொல்லுவேன், தெருவும் சொல்லும். வண்டி நிக்கறது எனக்குப் பெரிசில்ல. தானா நின்னா, நின்னுச்சுன்னு அந்தச் சோபாக்காரம்மா மூஞ்சியப் பார்த்துச் சொல்லிடலாம். என் அண்ணன் நிறுத்தினார்னு எந்த வாயால சொல்லுவேன்?"

"அப்ப முடிவு பண்ணிட்டே."

"பண்ணிட்டேன்."

மறுநாள் காலை அலமாரியும் இன்னும் நாலு ஆளும் பட்டறைக்குள் நுழைந்து லாரியின் முதுகில் கை வைத்தார்கள். பாப்பா ஸ்டீயரிங்கில் இருந்தாள். அண்ணன் கையைத் துடைத்துக்கொண்டே வாசலுக்கு வந்தார்.

"எங்க தள்ளிட்டுப் போற?"

"ஒயர் கடைக்கு. இன்ஜெக்ஷன் மாட்டப் போறேன்."

அண்ணனின் முகம் கறுத்தது. "நான் தொட்டு வளர்த்த இஞ்சின் அது. இந்த வாசலைத் தாண்டிச்சுன்னா திரும்ப உள்ள வராது."

"சரிண்ணே."

சரி என்பாள் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. அழுவாள், பிறகு இறங்கி வருவாள் என்றுதான் எப்போதும் நடந்தது. அவர் கை தானாகச் சட்டைப்பைக்குப் போனது. "ஜெட்டைத் தரமாட்டேன்னா சொன்னேன்? வாய்விட்டுக் கேளு பாப்பா. கேட்டா தரேன்."

"கேக்கல. தள்ளு அலமாரி."

தெரு முழுக்க வாசலுக்கு வந்துவிட்டது. அத்தனை பெரிய லாரி சத்தமே இல்லாமல் நகர்வதை யாரும் பார்த்ததில்லை. "என்னப்பா, பாப்பா லாரிக்கு நடை பழக்குறீங்களா?" என்று டயர்க்கடைக்காரர் கேட்டார். "ஆமா, இப்பதான் கால் முளைச்சிருக்கு" என்றான் அலமாரி மூச்சு வாங்கிக்கொண்டே. பாப்பாவின் காதெல்லாம் எரிந்தது. அவமானமாக இருந்தது, கூடவே பொங்கிக்கொண்டு சந்தோஷமாகவும் இருந்தது. அண்ணன் வீட்டுக் கதவைத் தாண்டும்போதுகூட அவள் தலையைத் தாழ்த்தவில்லை.

ஒயர் வேலையை முடித்துக் கார்புரேட்டரை அவள் கையில் கொடுத்தான். அவள் அதை வீட்டு வாசலில் வைத்து, பிரஷ்ஷும் பெட்ரோலுமாகத் துளை துளையாகத் துலக்கினாள். தையல்காரர் திரைச்சீலைக்கு வெட்டியதில் மிஞ்சிய கெட்டித் துணியில் அதற்கு ஒரு பை தைத்துத் தந்தார்.

திங்கட்கிழமை குளிர் அதிகம். முன்பெல்லாம் அந்தக் குளிருக்கு சோக்கை இழுத்து, பெடலை மிதித்து, கெஞ்சிக் கூத்தாடி எழுப்ப வேண்டும். பாப்பா சாவியைத் திருப்பினாள், பம்பு முனகியது, இஞ்சின் எழுந்துகொண்டது. பக்கத்தில் அலமாரி டேஷ்போர்டைத் தட்டிக்கொடுத்தான்.

அவள் லாரியை நேரே பட்டறை வாசலுக்கு ஓட்டினாள். வாசலைத் தாண்டவில்லை. தெருவிலேயே நிறுத்தி, இஞ்சினை ஓடவிட்டு இறங்கினாள். அண்ணன் வெளியே வந்தார். பழக்க தோஷம், கை பானட்டுக்குப் போனது. அவள் தடுக்கவில்லை. திறந்து பார்த்தார். கார்புரேட்டர் இருந்த இடத்தில் வேறேதோ உட்கார்ந்து ஓடிக்கொண்டிருந்தது. அவர் விரல் அதன் பக்கம் போய், எங்கே தொடுவது என்று தெரியாமல் திரும்பி வந்தது.

பாப்பா துணிப்பையை அவரிடம் நீட்டினாள். வாங்கியவர் கை கனத்தில் ஒரு தடவை தாழ்ந்தது.

"நானே க்ளீன் பண்ணிட்டேண்ணே. ஒரு பொட்டு அழுக்கில்ல. எல்லாப் பாகமும் இருக்கு, ஜெட் மட்டும் இல்ல. அது உன்கிட்டதான் இருக்கு, எடுத்துப் போட்டுக்கோ."

அண்ணன் பையைப் பிரிக்கவில்லை. மார்போடு அணைத்துக்கொண்டு இஞ்சினையே கேட்டுக்கொண்டிருந்தார். "நிக்கிறப்போ இஞ்சின் கொஞ்சம் வேகமா ஓடுது, ஐடில் ஜாஸ்தி" என்றார். திருப்ப ஒரு ஸ்க்ரூ கிடைக்குமா என்று கண் தேடியது.

"சூடானா தானா இறங்கிக்கும்ணே."

அவள் பானட்டை மூடினாள், ஏறினாள். கதவருகே வந்து நின்ற அண்ணன், "எங்க போற?" என்று கேட்டார். குரலில் அதட்டல் கொஞ்சம்தான் மிச்சமிருந்தது.

"மலைக்கு அந்தப் பக்கம்."

"எப்ப வருவே?"

பாப்பா கியரைப் போட்டாள். "லோடு இறக்கிட்டு வருவேன். இன்னொரு குடும்பம் ரோட்டுல உட்காராம இருக்கணும், வழி விடுண்ணே" என்றாள். அவர் நகர்ந்து நின்றார்.