விடுபட்ட பெயர்

யோகநாதன் குணமாகிவிட்டான். ஆறு மாத மாத்திரை முடிந்து, நெஞ்சு சுத்தம் என்று டாக்டரே சொல்லிவிட்டார். ஆனாலும் ரூ பிலிப்-து-ஜிரார் தெருவில் அவன் சமைக்கும் கடையில் யாராவது இருமினால் கரண்டி பிடித்த கை நின்றுவிடும். ஒவ்வொரு இருமலும் சஞ்சீவனுடையதாகவே கேட்கும். அறையில் கூடத் தங்கியிருந்த சஞ்சீவன் அங்கிருந்து போய் ஐந்து மாதமாகிறது.

காசநோய் என்று தெரிந்த அன்று, மருத்துவ நிலையத்தில் புதுச்சேரிக்காரத் தாதி மெலிசா ஒரு தாளை நீட்டினாள். "கூட இருந்தவங்க பேரெல்லாம் எழுதுங்கண்ணா. இது போலீசுக்குப் போகாது."

அரசாங்கத் தாள் எங்கேதான் போகாது? கடையில் வேலை செய்யும் ஏழு பேரை எழுதினான். ஒரே அறையில், கையெட்டும் தூரத்தில் படுத்த சஞ்சீவனை விட்டுவிட்டான். பிரெஞ்சு விசா இல்லாதவன், பிடித்து அனுப்பிவிட்டால்? அவனிடம் வெறும் சளிக்காய்ச்சல் என்று சொல்லிவைத்தான். தம்பிபோல் இருந்தவனைக் காப்பாற்றிவிட்டதாக நிம்மதி வேறு. புத்தி கெட்டவன்.

கடைசி மாத்திரை வாங்கப் போனபோது மெலிசா விளக்கினாள். மூச்சோடு உள்ளே போகும் கிருமியை உடம்பின் காவல் அணுக்கள் சூழ்ந்து சிறைவைக்குமாம். அது சாகாமல் உள்ளேயே கிடக்குமாம். சிலருக்கு ஆயுள் முழுக்க அப்படியே. சிலருக்குச் சில மாதங்களிலேயே சிறை உடைந்துவிடும். பிறகு இருமலோடு அடுத்தவர் மூச்சுக்குத் தாவும். கைக்குழந்தைகளுக்கு அந்தக் காவலும் பலமில்லை என்றாள்.

சஞ்சீவன் இப்போது ஓல்னே புறநகரில் தன் அக்கா வீட்டில் குழந்தை பார்க்கிறான். கடையில் கேட்கும் இருமல்கள் தாங்காமல் ஒரு நாள் யோகநாதன் ரயிலேறினான்.

கதவைத் திறந்த சஞ்சீவன் பாதியாக இளைத்திருந்தான். தோளில் எட்டு மாதப் பிள்ளை. முகத்தைத் திருப்பி இருமினான்.

"எத்தினை நாளா இருமுறாய்?"

"ஒரு மாசமா அண்ணை. குளிர்தானே."

யோகநாதன் வாசலில் நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டினான். "உனக்கு விசா இல்லையெண்டுதானடா பேரை எழுதேல்லை."

சஞ்சீவன் பிள்ளையை மற்றத் தோளுக்கு மாற்றினான். "நீங்கள் பேர் எழுத முதலே விசா கார்த் தாறமெண்டு கடிதம் வந்திட்டுது அண்ணை. கையிலை கிடைக்க முதல் சொன்னால் கண்ணூறு படுமெண்டு மறைச்சனான்."

பிள்ளை சிணுங்கியது. யோகநாதன் அதன் காலைத் தொட்டான். கொதித்தது. கைபேசியில் அவசர எண்ணை அழுத்தினான். பிள்ளைக்குப் பக்கத்தில் யாரும் இருமுகிறார்களா என்று மறுமுனையில் கேட்டார்கள். அவன் சஞ்சீவனை நிமிர்ந்து பார்த்தான்.

"என்ர நெஞ்சிலைதான் அண்ணை இவள் நித்திரை கொள்ளுறவள்" என்றான் சஞ்சீவன்.