சாவியோடு ஓடியவள்

அப்பா படகின் எஞ்சினை மாற்றி நான்கு நாள்தான் ஆகியிருந்தது. அந்த நான்கு நாளும் அம்மா ஓர் இடத்தில் உட்காரவில்லை.

பழைய எஞ்சின் இருமும். எங்கள் தெருவில் அதற்குப் பெயரே ‘இருமல்’தான். அலைத்தடுப்புச் சுவரைத் தாண்டும்போதே லொக் லொக் என்று ஆரம்பித்துவிடும். அது காதில் விழுந்ததும் அம்மா அடுப்பைப் பற்றவைப்பாள். அப்பா படகைக் கட்டி, மீனைப் பெட்டிக்கு மாற்றி, கால் கழுவி உள்ளே வரும்போது சாப்பாடு தயாராக இருக்கும். எங்கள் தெருப் பெண்கள் எல்லாருக்கும் இப்படி ஒரு காது உண்டு. பேச்சின் நடுவே சட்டென்று எழுந்து ஒருத்தி போனால், அவள் வீட்டுப் படகு வந்துவிட்டது என்று அர்த்தம்.

புது எஞ்சினுக்குச் சத்தமே இல்லை. முதல் நாள் அப்பா சமையலறை வாசலில் நின்று, “என்ன, அடுப்பே பத்தலையா?” என்றபோது அம்மா கையிலிருந்த தட்டைக் கீழே போட்டுவிட்டாள்.

“மனுஷன் மாதிரி சத்தம் குடுத்துட்டு வரக் கூடாதா? திருடன் மாதிரி வந்து நிக்கிறீங்க!”

“எஞ்சின் அப்படி. நான் பாடுறது எனக்கே கேக்குது. மீன்கூடப் பயப்படாது தெரியுமா?”

“உங்க பாட்டைக் கேட்டா பயப்படும்.”

அவள் பதற்றத்துக்குக் காரணம் தட்டு அல்ல. மூன்று மாதமாக அப்பா கடலில் இருக்கும் நேரத்தில் அவள் லோடு ஆட்டோ ஓட்டக் கற்றுக்கொண்டிருந்தாள். அது எனக்கும் ஓட்டுநர் பள்ளி மாஸ்டருக்கும் மட்டுமே தெரியும். இருமல் கேட்டதும் இறங்கி ஓடிவந்துவிடுவாள். அப்பா வரும்போது அடுப்படியில் வியர்வையோடு நிற்பாள். அடுப்புச் சூடு என்று அவர் நினைத்துக்கொள்வார்.

மீன் விற்கும் பெண்களின் சங்கத்துக்கு ஒரு லோடு ஆட்டோ வரப்போகிறது. அதுவரை பேருந்துதான். நடத்துநர் ஒரு கையால் மூக்கைப் பொத்திக்கொண்டு மறு கையால் எங்கள் கூடைகளைக் கடைசிப் படிக்குத் தள்ளுவார். சங்கத்தில் யாராவது ஓட்டக் கற்று, சங்கத் தலைவியிடம் தேர்ச்சிச் சீட்டைக் காட்டினால் வண்டி அவளுக்கு. இல்லையென்றால் வெளியாள் ஒருவரை வைத்துவிடுவார்கள். கடைசி நாள் வியாழக்கிழமை, மதியம் ஒரு மணி. பரீட்சையும் அதே வியாழக்கிழமைதான், காலை பத்து மணிக்கு.

அப்பாவிடம் சொன்னால் என்ன என்று நான் ஒருமுறை கேட்டேன்.

“போன வருஷம் உன் ஸ்கூட்டரை நகத்தி வைக்கிறேன்னு வலைக் கம்பத்துல இடிச்சேனே, ஞாபகம் இருக்கா? ஒரு மாசம் கரை முழுக்கச் சொல்லிச் சிரிச்சாரு. இப்ப ஃபெயிலானா, அடுத்த ஊர் வரைக்கும் போய்ச் சொல்லுவாரு. பாஸானா நானே சொல்லிக்கிறேன்.”

வியாழக்கிழமை நான் வேலைக்கு விடுப்புச் சொல்லிவிட்டு அவளோடு போனேன். பரீட்சை மைதானம் ஐஸ் தொழிற்சாலைக்குப் பின்னால் இருந்தது. அதற்கும் படகுத்துறைக்கும் நடுவில் ஒரு சுவர்தான். மைதானத்தில் பழைய டயர்களை வரிசையாக நட்டு வளைவு வளைவாக ஒரு பாதை செய்திருந்தார்கள். முன்பக்கமாக எட்டுப் போட வேண்டும். பிறகு அந்த வளைவுப் பாதையில் எதிலும் இடிக்காமல் பின்னோக்கி வர வேண்டும்.

அதிகாரி மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். உப்புக் காற்றில் அது துடைத்த மறுநிமிடமே மங்கியது. எங்களுக்கு முன்னால் ஐந்து பேர். அம்மா என் கையைப் பிடித்தாள், விட்டாள், மறுபடி பிடித்தாள்.

“மணி என்ன?”

“பத்து இருபது.”

“இப்பதானே பத்து பதினெட்டுன்ன?”

“ரெண்டு நிமிஷம் ஆயிடுச்சும்மா.”

அவள் முறை வந்தபோது பதினொன்றரை ஆகியிருந்தது. எட்டு நன்றாகவே வந்தது. மாஸ்டர் என்னைப் பார்த்துக் கட்டைவிரலைக் காட்டினார். அடுத்து ரிவர்ஸ். முதல் வளைவு தாண்டியது. இரண்டாவது வளைவின் நடுவில் வண்டி இருந்தபோது, சுவருக்கு அந்தப் பக்கம் லொக் லொக் என்றது.

எஞ்சின் மாறியது அம்மாவின் தலைக்குத் தெரியும். காலுக்குத் தெரியாது. வண்டியை நிறுத்தினாள், சாவியை உருவினாள், குதித்தாள், ஓடினாள். பின்னால் மாஸ்டர், “அக்கா! அக்கா! பரீட்சைக்கா!” என்று கத்தியது அவளுக்குக் கேட்டிருக்காது. நான் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு பின்னால் ஓடினேன்.

வீட்டுக்குள் நான் மூச்சு வாங்கிக்கொண்டு நுழைந்தபோது அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. அம்மா பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். விரலில் வண்டிச் சாவி தொங்கியது. நான் அதையே பார்த்தேன். அவளும் பார்த்தாள்.

“ஐயோ” என்றாள், மிக மெதுவாக.

அப்போது வாசலில் சித்தப்பா, அப்பாவின் தம்பி, மீன் பெட்டியோடு போனார்.

“அண்ணி, கேட்டீங்களா? இருமலை அண்ணன் எனக்கே குடுத்துட்டாரு. இன்னைக்குதான் மாட்டினேன். சும்மா சொல்லக் கூடாது, இருமினாலும் இழுக்குது.”

அம்மா அடுப்பை அணைத்தாள். “உங்க அண்ணன் இன்னும் வரலையா?”

“அவரா? எனக்கு முன்னாடியே கரை ஏறிட்டாரே. ஐஸ் வாங்கப் போனாரு.”

ஐஸ் தொழிற்சாலை. மைதானத்துக்குப் பக்கத்துச் சுவர்.

அம்மா படியில் உட்கார்ந்தாள். அன்று காலை முதல், வண்டியைத் தவிர, அவள் உட்கார்ந்தது அப்போதுதான். அரை நிமிடம்கூட இருக்காது. சேலை நுனியால் முகத்தைத் துடைத்தாள். “சாவியையாவது குடுக்கணும்ல” என்று எழுந்தாள். திரும்பவும் ஓட்டம்.

மைதானத்தில் ஒரு கூட்டம். வண்டி கியரில், பாதையின் நடுவே, அம்மா விட்ட இடத்திலேயே நின்றது. பின்னால் காத்திருந்த மூன்று பேருக்கு வழி இல்லை. கூட்டத்தின் நடுவில், ஒரு ஐஸ் கட்டியைச் சாக்கில் சுற்றித் தோளில் வைத்துக்கொண்டு, அப்பா நின்று அதிகாரிக்கு ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தார்.

“எவனோ சாவியோட ஓடிட்டானாமே சார்? இவனுங்களை எல்லாம் நம்பி எப்படி ரோட்ல விடுறது? படகை இப்படி நடுவுல விட்டுட்டு ஓடினா...”

“நான்தான் ஓடினேன்” என்றாள் அம்மா.

அப்பா திரும்பினார். சாவியைப் பார்த்தார். வண்டியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நான் டயர்களைப் பார்த்தேன்.

“நீயா? நீ எதுக்கு... இது யார் வண்டி?”

“கொஞ்சம் இருங்க. உங்ககிட்ட அப்புறம்.” அம்மா அதிகாரியிடம் போனாள். “சார், தப்புதான். ஓடிட்டேன்.”

“பரீட்சை நடுவுல வண்டியை விட்டுப் போனா ஃபெயில்மா. அடுத்த மாசம் வாங்க.”

“அடுத்த மாசம் வந்து பிரயோஜனம் இல்ல சார். இன்னைக்கு ஒரு மணி வரைக்கும்தான் எனக்கு நேரம்.” அவள் வண்டிப் பக்கம் கையைக் காட்டினாள். “நான் விட்டுட்டுப் போன இடத்தைப் பாருங்க. எதையாவது இடிச்சிருக்கேனா? ஒரு டயர் சாய்ஞ்சிருக்கா? பதறி இறங்கினவ, வண்டியை நேரா நிறுத்திட்டுதான் இறங்கியிருக்கேன்.”

அதிகாரி குனிந்து பார்த்தார். கண்ணாடியைத் துடைத்து மறுபடி பார்த்தார். பின் சக்கரத்துக்கும் டயருக்கும் நடுவில் இரண்டு பக்கமும் ஒரே இடைவெளி. தன் படிவத்தைப் புரட்டினார். “இடிச்சாங்களான்னு கட்டம் இருக்கு. ஓடினாங்களான்னு கட்டம் இல்லையே” என்று முணுமுணுத்தார். வரிசையில் இருந்த ரொட்டிக் கடைக்காரர், “சார், அந்த அக்கா எடுத்தாதான் நாங்க போக முடியும். சட்டுனு விடுங்க சார்” என்றார்.

“முதல்ல இருந்து ஒரே ஒரு தடவை. இனி யார் இருமினாலும் இறங்கக் கூடாது” என்றார் அதிகாரி.

நடந்ததை மாஸ்டர் அவரிடம் ஏற்கெனவே சொல்லியிருக்க வேண்டும்.

அம்மா ஏறினாள். வண்டியைப் பாதையின் தொடக்கத்துக்குக் கொண்டுபோய் மறுபடி பின்னோக்கி எடுத்தாள். முதல் வளைவு. அப்பாவால் சும்மா நிற்க முடியவில்லை. ஐஸைக் கீழே வைத்துவிட்டுப் பாதையின் முடிவில் போய் நின்று, துறையில் படகை உள்ளே வாங்குகிறவர் போல இரண்டு கையையும் ஆட்டினார்.

“இடது தள்ளு! இடது! இன்னும்!”

படகில் சுக்கான் பிடியை இடது பக்கம் தள்ளினால் படகு வலது பக்கம் திரும்பும். அவருக்கு முப்பது வருடமாக அதுதான் பழக்கம். அவர் சொன்னபடி கைப்பிடியைத் தள்ளினால் வண்டி நேராக டயரின் மேல் ஏறும். நான் கண்ணை மூடிக்கொள்ள நினைத்தேன், முடியவில்லை. வண்டி நின்றது. அதிகாரியின் பேனா உயர்ந்தது.

வண்டியின் பக்கக் கண்ணாடியில் அப்பாவைப் பார்த்தபடி அம்மா சொன்னாள்: “நீங்க கையைக் கீழ போடுங்க.”

“இல்லடி, இடதுல...”

“கையைப் போடுங்கன்னேன்.”

அப்பா கையைப் போட்டார். எங்கே வைப்பது என்று தெரியாமல் பின்னால் கட்டிக்கொண்டார். வண்டி நகர்ந்தது. இரண்டாவது வளைவு. மூன்றாவதில் ஒரு டயர் லேசாக அசைந்ததாக எனக்குத் தோன்றியது. காற்றாக இருக்கலாம். வண்டி முழுதாக வெளியே வந்து அப்பாவின் முழங்காலுக்கு ஒரு முழம் முன்னால் நின்றது. அவர் விலகவில்லை.

அதிகாரி எழுதிக் கிழித்துச் சீட்டைக் கொடுத்தார். அம்மா அதைப் படிக்கவில்லை. மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்தாள்.

“எத்தனை நாளா?” என்றார் அப்பா.

“மூணு மாசமா.”

“நான் கடல்ல இருக்கும்போதா?”

“பின்ன, பக்கத்துல உக்காந்து சிரிக்கும்போதா?”

அப்பா என் பக்கம் திரும்பினார். “உனக்கும் தெரியும்?”

“அவளை விடுங்க. நான்தான் வாயைத் திறக்கக் கூடாதுன்னு சொல்லியிருந்தேன்” என்றாள் அம்மா. “மணி என்ன?”

“பன்னிரண்டு நாப்பது” என்றேன்.

மாஸ்டர், “வண்டியிலேயே போயிட்டு வாங்கக்கா, நான் இங்கதான் இருப்பேன்” என்றார். முன்னால் ஓட்டுகிறவருக்கு மட்டும்தான் இடம். நான் பின்தட்டில் ஏறினேன். அப்பா கொஞ்ச நேரம் கீழேயே நின்றார். கோபப்படுவதா, வெட்கப்படுவதா என்று அவர் முகத்துக்கே தெரியவில்லை. பிறகு ஐஸ் கட்டியைத் தூக்கி உள்ளே வைத்துவிட்டு அதன் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தார். சாக்கு நனைந்து தண்ணீர் தட்டில் ஓடியது.

“முதல்ல கரைக்கு விடு. ஐஸ் உருகுது, மீன் வெயில்ல கிடக்கு.”

“முதல்ல தலைவி வீடு.”

“இங்க பாரு, அரை மணி நேரத்துல கெட்டுப் போயிடும்.”

“எனக்கு இருபது நிமிஷம்தான் இருக்கு. கம்பியைப் பிடிச்சுக்கோங்க.”

அப்பா கம்பியைப் பிடித்தார்.