ஒரு மேசையும் மூன்று பள்ளிக்கூடங்களும்

கண்ணாடிக்காரம்மாவுக்கு மூன்று பிள்ளைகள். மூன்று பேரும் மூன்று விதமாகப் படித்தவர்கள். மூத்தவன் அரசுப் பள்ளி, நடுவில் உள்ளவள் தனியார் பள்ளி, கடைசி வாண்டு எந்தப் பள்ளியும் இல்லை, வீடுதான். திட்டம் போட்டு யாரும் அப்படிச் செய்யவில்லை, அதுவாக அமைந்தது. ஆனால் சொந்தக்காரர்கள் வாய் சும்மா இருக்குமா? "என்னம்மா, பிள்ளைங்களை வெச்சு சோதனை பண்ணிப் பார்க்கிறியா?" என்று வீட்டுக்கு வந்து கேட்டுவிட்டு, கொடுத்த காபியையும் குடித்துவிட்டுத்தான் போவார்கள்.

வீட்டின் முன்னறைதான் கடை. அங்கே அவள் மூக்குக் கண்ணாடிக்கு லென்ஸ் தேய்ப்பாள், சட்டம் மாட்டுவாள், வருகிறவர்களைச் சுவரில் தொங்கும் எழுத்து அட்டையைப் படிக்கச் சொல்வாள். வாண்டு எழுத்துப் பழகியதே அந்த அட்டையைப் பார்த்துத்தான். அதனால் எந்தப் பக்கத்திலும் கீழே போகப் போக எழுத்து சின்னதாகிவிடும் என்று அது ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தது. அண்ணனும் அக்காவும் இன்றைக்கும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள்.

மூத்தவன் படித்த வகுப்பில் ஒரு பெஞ்சில் ஆறு பேர். ஒருத்தன் எழுத வேண்டுமென்றால் பக்கத்தில் இருப்பவன் மூச்சை இழுத்துப் பிடிக்க வேண்டும். வாத்தியார் வராத நாளில் பெரிய பையன்கள் சின்னவர்களுக்குப் பாடம் எடுப்பார்கள். பிரைவேட் ஸ்கூலில் சேர்க்கிறேன் என்று அப்பா சொன்னபோது, கூட்டாளிகளை விட்டுவிட்டு வர மாட்டேன் என்று ஒரே பிடியாக நின்றுவிட்டான். இன்றைக்கு அவன் லிஃப்ட் மெக்கானிக். எந்தக் கட்டடத்து வாட்ச்மேனும் அவனுக்கு இரண்டே நிமிஷத்தில் மாமன் மச்சான் ஆகிவிடுவான்.

நடுவுக்காரி வேறு ரகம். டை, பாலிஷ் போட்ட ஷூ, தினமும் கையெழுத்து வாங்க வேண்டிய டைரி. அரை மதிப்பெண் குறைந்தால் சோற்றில் கை வைக்க மாட்டாள். அந்தப் பள்ளி அவளுக்கு முதுகை நிமிர்த்திப் பேசக் கற்றுக்கொடுத்தது, கூடவே பயத்தையும் கற்றுக்கொடுத்தது. இப்போது பெரிய ஹோட்டலில் வரவேற்பு மேசையில் இருக்கிறாள். சிரித்த முகத்தோடு "முடியாது" சொல்வதில் அவளை மிஞ்ச ஆளில்லை.

வாண்டுக்குச் சின்ன வயதில் மூச்சிரைப்பு. சாக்பீஸ் தூள் பட்டால் போதும், நெஞ்சு கீச்கீச்சென்று சத்தம் போடும். அக்காவின் பள்ளியில், "குணமானதும் கூட்டிட்டு வாங்க" என்று நாசூக்காகக் கதவைச் சாத்தினார்கள். அண்ணனின் பள்ளியில் நல்ல மனதோடு சேர்த்துக்கொண்டார்கள், ஆனால் அந்தக் கூட்டத்திலும் தூசியிலும் முதல் மாதமே பிள்ளை வாரத்துக்கு மூன்று நாள் படுத்துக்கொண்டது. "போங்கடா நீங்களும் உங்க ஸ்கூலும், என் பிள்ளைக்கு நானே சொல்லிக் கொடுத்துக்கறேன்" என்று ஒரு நாள் கோபத்தில் கத்திவிட்டாள் கண்ணாடிக்காரம்மா. கோபம் அன்றைக்கே தீர்ந்துவிட்டது. சொன்ன சொல் மட்டும் பதினோரு வருஷம் ஓடியது.

கடைக்குப் பின்னால் ஒரு மேசை. மூன்று பேரும் அதைச் சுற்றித்தான் படிப்பார்கள். முன்னால் வாடிக்கையாளர் நிற்கும்போது அவளால் எழுந்து எழுந்து ஓட முடியுமா? அதனால் ஒரு சட்டம் போட்டாள். தெரிந்தவர் தெரியாதவருக்குச் சொல்லியே ஆக வேண்டும். இன்னொருத்தர் தப்பாக எழுதுவதைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டிருந்தால், அன்றைக்கு எல்லார் தட்டையும் அவரேதான் கழுவ வேண்டும். அந்த மேசையில் கூச்சலுக்குப் பஞ்சமே இருந்ததில்லை. "அண்ணா, வகுத்தல் தப்பு!", "அக்கா, அந்த வருஷம் இல்ல!" என்று வாண்டின் குரல்தான் தெருவரைக்கும் கேட்கும். லாரி ஓட்டப் போன அப்பா போனில் கூப்பிட்டால்கூட, "என்ன, சந்தைக்குள்ள இருக்கீங்களா?" என்று கேட்பார்.

அப்படி வளர்ந்த பிள்ளை பள்ளி இறுதித் தேர்வைத் தனித்தேர்வராக எழுத வந்தது. கண் பரிசோதனைப் படிப்பில் இந்த வருஷமே சேர வேண்டும் என்பது அதன் கனவு. எல்லாப் பாடத்திலும் தேறினால் இடம் உண்டு. தேறாவிட்டால் சொந்தக்காரர்கள் சொன்னது சரியாகிவிடும், அம்மா பிடிவாதம் பிடித்துப் பிள்ளையின் வாழ்க்கையைக் கெடுத்துவிட்டாள் என்று ஊரே பேசும். அது வாண்டுக்குத் தெரியாது. கண்ணாடிக்காரம்மாவுக்குப் பதினோரு வருஷமாகத் தூக்கத்திலும் தெரியும்.

கணக்குப் பரீட்சை அன்று அண்ணனும் அக்காவும் லீவு போட்டுவிட்டுக் கூட வந்திருந்தார்கள். தேர்வு நடக்கும் பள்ளியின் வாசலில் பெற்றோர் கூட்டம். உள்ளே மணியடித்து முக்கால் மணி நேரம் ஆகியிருக்கும். ஒரு பியூன் வந்து கூட்டத்தைப் பார்த்துக் கத்தினான்.

"ஸ்கூலுக்கே போகாத பொண்ணோட அம்மா யாருங்க? பெரிய மேடம் கூப்பிடறாங்க. ஹால்ல ஏதோ பேசிப் பிடிபட்டுடுச்சு."

அத்தனை தலையும் திரும்பியது. கண்ணாடிக்காரம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு உள்ளே நடந்தாள். பின்னாலேயே மகனும் மகளும்.

தலைமையாசிரியையின் அறையில் வாண்டு நின்றுகொண்டிருந்தது. பக்கத்தில் நல்ல சீருடை போட்ட இன்னொரு பெண், அழுது அழுது முகம் சிவந்து, பேச முடியாமல் விக்கிக்கொண்டிருந்தாள். மேற்பார்வைக்கு வந்த ஆசிரியர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"ரெண்டு பேரும் முன்னும் பின்னும் உட்கார்ந்திருந்தாங்க மேடம்," என்றார் அவர். "முதுகைத் தட்டினதையும் குசுகுசுன்னு பேசினதையும் பார்த்தேன். என்ன பேசினாங்கன்னு காதுல விழல. பார்த்து எழுதினதா இருந்தா ரெண்டு வருஷம் பரீட்சைப் பக்கமே வர முடியாது."

மூத்தவன் உடனே ஆரம்பித்தான். "சார், நம்ம புள்ளைங்கதானே, பெரிசு பண்ணாதீங்க சார்." வாட்ச்மேன்களிடம் பலிக்கிற வித்தை இங்கே பலிக்கவில்லை. அவர் அவனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நடுவுக்காரி தொண்டையைச் செருமிக்கொண்டு, "மேடம், முறைப்படி பார்த்தால்" என்று தொடங்கினாள். தலைமையாசிரியை கையைக் காட்டினார். அவ்வளவுதான், பழைய பயம் வந்து அவள் வாயை அடைத்துவிட்டது.

"நேரம் போகுது," என்றார் தலைமையாசிரியை. "எனக்கு ஒண்ணு மட்டும் தெரியணும். யார் முதல்ல பேசினது? பேச ஆரம்பிச்சவங்களோட இன்னைக்குப் பேப்பர் ரத்து. இன்னொருத்தர் இப்பவே போய் எழுதலாம்."

அழுகிற பெண் வாயைத் திறந்தாள், விக்கல்தான் வந்தது. வாண்டு சும்மா நின்றிருந்தாலே போதும், அழுகிறவள்தான் தப்புச் செய்தவள் என்று அந்தப் பெண் தலையில்தான் எல்லாம் விழும். மூத்தவன் தங்கையைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினான். கண்ணாடிக்காரம்மா என்ன நினைத்தாள் தெரியுமா? பேசாதேடி, என் கண்ணு, கொஞ்ச நேரம் வாயை மூடிக்கொண்டு நில்லடி என்றுதான் நினைத்தாள். பெற்றவள் அல்லவா!

"நான்தான் மேடம்," என்றது வாண்டு. குரலில் நடுக்கமே இல்லை. தலைமையாசிரியை என்றால் பயப்பட வேண்டும் என்று அதற்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. "இவங்க பேப்பரைத் தூக்கிப் பிடிச்சுப் படிச்சாங்க. நாலாவது கணக்குல மைனஸ் விட்டுப்போயிருந்தது. 'அங்க மைனஸ் வரணும்'னு சொன்னேன். இவங்க எங்கிட்ட எதையும் கேட்கவும் இல்ல, திரும்பவும் இல்ல. பாவம், பயந்துட்டாங்க."

ஆசிரியர் அந்தப் பெண்ணின் விடைத்தாளைப் புரட்டினார். நாலாவது கணக்கில் மைனஸ் அப்போதும் இல்லை.

"ஹால்ல பேசக் கூடாதுன்னு உனக்குத் தெரியாதா?" என்று கேட்டார் தலைமையாசிரியை.

"பார்த்து எழுதக் கூடாதுன்னு அம்மா நூறு தடவை சொன்னாங்க மேடம். நான் யாரையும் பார்த்து எழுதல. ஆனா தப்புன்னு தெரிஞ்சும் சொல்லாம இருக்கலாம்னு எங்க வீட்டுல யாரும் சொன்னதில்ல."

மூத்தவன் தலையில் கை வைத்துக்கொண்டான். கண்ணாடிக்காரம்மாவுக்குச் சுரீரென்றது. ஐயோ, ஹாலில் வாயே திறக்கக் கூடாது என்று நான் சொல்லவே இல்லையே! பேனா, தண்ணீர், ஹால் டிக்கெட், கைக்குட்டை எல்லாம் ஞாபகம் வந்தது, இது வரவில்லையே! பள்ளிக்கூடம் போன எந்தப் பிள்ளைக்கும் முதல் வகுப்பிலேயே தெரிந்துவிடுகிற விஷயம். தன் விடைத்தாளைக் கையால் மறைத்துக்கொள்வது, பக்கத்தில் இருப்பவன் கிணற்றில் விழுந்தாலும் குனிந்து எழுதுவது. இவள் பிள்ளைக்கு மட்டும் அது தெரியாது.

தெரியாமல் போனதற்காக அவள் வெட்கப்பட்டிருக்க வேண்டும். ஆனால் வந்தது வெட்கம் இல்லை. நெஞ்சு நிமிர்ந்துகொண்டே போனது. அடி என் தங்கமே, ஒரு வருஷமே போனாலும் போகட்டும், இந்த அறையில் நிற்கிறவர்களிலேயே நீதானடி பெரிய மனுஷி என்று வாய்விட்டுச் சொல்லிவிடுவாளோ என்று அவளுக்கே பயமாக இருந்தது.

தலைமையாசிரியை அழுகிற பெண்ணைப் பார்த்து, "முகத்தைக் கழுவிட்டுப் போய் எழுதும்மா," என்றார். அவள் வாசல்வரை ஓடிப் போய், திரும்பி வந்து, வாண்டின் கையை ஒரு முறை இறுக்கிப் பிடித்துவிட்டு ஓடினாள்.

"உன் பேப்பர் ரத்துதான்," என்றார் தலைமையாசிரியை வாண்டிடம். குரல் இறங்கியிருந்தது. "விதி அப்படி. நான் ஒண்ணும் செய்ய முடியாது. பார்த்து எழுதினதா போட மாட்டேன். மறுதேர்வுல கணக்கை எழுதிக்கலாம். ஆனா முடிவு வர்றதுக்குள்ள இந்த வருஷ அட்மிஷன் முடிஞ்சுடும்."

வாண்டின் உதடு அப்போதுதான் துடித்தது. என்ன இருந்தாலும் குழந்தைதானே. "அடுத்த வருஷம் சேர்ந்துக்கறேன்மா," என்று சொல்லி முடிப்பதற்குள் கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. நடுவுக்காரி அதைத் தன் தோளோடு அணைத்துக்கொண்டாள். மூத்தவன் ஜன்னல் பக்கம் திரும்பி மூக்கை உறிஞ்சினான். "கவர்மென்ட் ஸ்கூல்ல படிச்சவன், எத்தனையோ கில்லாடிங்களைப் பார்த்திருக்கேன்," என்று முனகினான். "இப்படி ஒருத்தியைப் பார்த்ததில்ல." நடுவுக்காரி அழுகிற தங்கையின் தலைமுடியை ஒதுக்கிவிட்டுக்கொண்டே இருந்தாள்.

எழுத்தர் நடந்ததை ஒரு தாளில் எழுதிக் கொண்டுவந்தார். மேற்பார்வையாளர் கையெழுத்துப் போட்டார், வாண்டு போட்டது, பெற்றோர் என்ற இடத்தில் கண்ணாடிக்காரம்மா போட்டாள். அதற்குக் கீழே இன்னும் ஓர் இடம் இருந்தது. மாணவர் படித்த பள்ளியின் தலைமையாசிரியர்.

"அது வேண்டாங்க," என்றார் எழுத்தர், தாளை இழுத்துக்கொண்டே. "தனித்தேர்வர்தானே. ஸ்கூல் இல்லாத பிள்ளைக்கு யார் போடறது? காலியா விட்டுடுங்க."

கண்ணாடிக்காரம்மா தாளை விடவில்லை. பதினோரு வருஷமாக, பிள்ளை எந்த ஸ்கூல் என்று யார் கேட்டாலும் மென்று முழுங்கியவள்தான்.

"எதுக்குக் காலியா விடணும்?" என்றாள். "என் பொண்ணு படிச்சிருக்கா. அவளுக்கு இதையெல்லாம் சொல்லிக் கொடுத்த பள்ளிக்கூடம் ஒண்ணு இருக்கு. அதுக்குப் பொறுப்பு நான்தான்."

கொட்டை எழுத்தில், நிறுத்தி நிதானமாக, அந்த இடத்திலும் தன் பெயரை எழுதினாள். எழுத்தர் பதறிப்போய்ப் பெரிய மேடத்தைப் பார்த்தார். அவர் தாளை வாங்கி, அந்தக் கையெழுத்தைப் பார்த்தார். பிறகு எழுந்து நின்று, இரண்டு கையாலும் தாளைக் கண்ணாடிக்காரம்மாவிடமே திருப்பி நீட்டினார்.

"தேதி போடாம விட்டுட்டீங்களே, டீச்சர்," என்றார்.