இரைச்சலுக்குள் ஒரு வாக்கியம்

1

இந்தக் கதை எனக்குச் சொந்தமில்லை. அக்கா வீட்டில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தபோது காதில் விழுந்தது. அக்காவின் கணவர், என் மாமா, போர்க்காலத்தில் விமானந்தாங்கிக் கப்பலில் இருந்தவர். தளத்தின் பின்விளிம்பில் நின்று, இறங்கிவரும் போர்விமானங்களுக்கு ரேடியோவில் வழிசொல்வது அவர் வேலை. முதல் வரி இப்படி எழுதினேன்:

"கடல் சிவந்திருந்த அந்த மாலையில், வீரம் என்பது வெறும்—"

மாமா படித்துவிட்டு, "அது மத்தியானம்மா. கடல் கடல் மாதிரிதான் இருந்துச்சு," என்றார். அடித்துவிட்டேன்.

2

சண்டை முடிந்து நான்கு விமானங்கள் திரும்புகின்றன. நாலிலும் எரிபொருள் அடிமட்டம். ஒன்றை ஓட்டிவருபவர் குருவி. மாமாவின் தங்கை புருஷன். ஆள் ஒல்லி என்பதால் அந்தப் பட்டப்பெயர். குண்டடி பட்டு அவர் விமானத்தின் வால் கொக்கி பிய்ந்துபோயிருந்தது.

[வாசகருக்கு: கப்பல் தளம் குட்டையானது. வால் கொக்கி, குறுக்கே கட்டிய கம்பியில் மாட்டினால்தான் விமானம் நிற்கும். கொக்கி இல்லையென்றால் வலை கட்டிப் பிடிக்க வேண்டும். வலையில் சிக்கியதை அகற்றும்வரை வேறெதுவும் இறங்க முடியாது. இதை அழகாகச் சொல்ல முயன்று தோற்றேன்.]

குருவியை முதலில் இறக்கினால் மற்ற மூவரும் கடலில் குதிக்க வேண்டியதுதான். மூவரை இறக்கினால் குருவி குதிக்க வேண்டும். அன்று அடித்த அலைக்கு, குதித்தவரை உயிரோடு மீட்பது குதிரைக்கொம்பு.

கப்பலின் கட்டுப்பாட்டுக் கோபுரத்திலிருந்து தளபதி கேட்டார்: "யார் முதல்ல? சீக்கிரம் சொல்லு."

மாமா ரேடியோ பொத்தானை அழுத்திப் பேசினார். அதே கணம் குருவியும் பேசினார். ஒரே அலைவரிசையில் இருவர் பேசினால் ஒருவர் பேச்சும் கேட்காது. காதைக் கிழிக்கும் இரைச்சல் மட்டும்.

அது ஓய்ந்தபோது குருவியின் விமானம் மற்றவர்களுக்கு வழிவிட்டு மேலே ஏறிக்கொண்டிருந்தது.

3

மூன்றும் இறங்கின. மாமா ஒருமுறைகூட அண்ணாந்து குருவியைத் தேடவில்லை. தேடியிருந்தால் கையிலிருந்த விமானத்தைக் கோட்டைவிட்டிருப்பார். வலை பாதி கட்டும்போது குருவியின் குரல் வந்தது: "இன்ஜின் நின்னுடுச்சு. குதிக்கிறேன்."

(இங்கே அலைகளைப் பற்றி ஒரு பக்கம் இருந்தது. கிழித்துவிட்டேன்.)

ஹெலிகாப்டர் அவரைக் கண்டெடுத்தது. உயிர் இருந்தது. முதுகெலும்பு நொறுங்கியிருந்தது.

4

குருவி இன்று சக்கர நாற்காலியில் உட்கார்ந்து ஊரையே கிண்டலடிக்கிறார். "கடைசியா வர்றேன்னு நான்தான் சொன்னேன். மச்சான் அப்போ பாட்டே பாடியிருந்தாலும் எனக்குக் கேட்டிருக்காது."

அவர் மனைவிக்கு அது போதவில்லை. அண்ணனிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"நீ என்னண்ணா சொன்னே?"

"கடைசியா வரச் சொன்னேன்."

அன்றிலிருந்து அவள் அண்ணன் வீட்டு வாசல்படி மிதிக்கவில்லை.

5

நேற்று அக்கா என் மேசையருகே வந்து நின்றாள்.

"அந்த எடத்துல 'நீ முதல்ல வா'ன்னு சொன்னாருன்னு எழுதிடேன்டி. யார் காதுல விழுந்துச்சு? அவ படிச்சா, அன்னிக்கு அண்ணன் வீம்புக்குத்தான் அப்படிச் சொன்னாருன்னு மனசு இளகும்."

எழுதினேன். வெட்கமாக இருக்கிறது, நன்றாகவே வந்தது. மாமாவிடம் நீட்டினேன். அந்த ஒரு வரியிலேயே அவர் கண் நின்றுவிட்டது.

"இதுதான் வாய் வரைக்கும் வந்துச்சு," என்றார். "ஆனா மத்த மூணு பேருக்கும் தங்கச்சி இருப்பாளேம்மா."

தாளைத் திருப்பிக் கொடுத்தார். "உன் கதை. உன் இஷ்டம்."

6

கதை எழுதுகிறேன் என்று கேள்விப்பட்டு மாமாவின் தங்கை இப்போது என் வீட்டுக்கு வந்திருக்கிறாள். "முழுசா வேணாம். அண்ணன் ரேடியோல பேசற எடத்த மட்டும் காட்டு," என்கிறாள். அந்த வரியைக் காலியாக விட்டிருக்கிறேன். மாமா சொன்னதை எழுதினால் உண்மை. அக்கா சொன்னதை எழுதினால் நாளைக்கே அண்ணனும் தங்கையும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவார்கள்.

எனக்குக் கை வரவில்லை. நீங்கள் எழுதுங்கள். அவள் தாளை வாங்கக் கையை நீட்டிவிட்டாள்.

மாமா பொத்தானை அழுத்திச் சொன்னார்: "                    "